அரிசி மில்காரர் மனம் மாறும் நாள்

என் கல்யாணப் பேச்சை ஒரு டிவி நாடகத்தை நம்பி எட்டு மாதம் தள்ளிப்போட்டேன் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. முதலில் சிரிக்கிறார்கள். சிரித்து முடித்ததும், படித்த பெண்தானே நீ என்று கேட்கிறார்கள். படித்தவள்தான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க ஊசியும் குப்பியுமாக நிற்கிறவள். ஆனால் அந்த எட்டு மாதமும் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால் நீங்களும் நம்பியிருப்பீர்கள்.

அப்பா அரசு பஸ் ஓட்டுநர். வேலூர் வண்டி. செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சந்துக்குள் எங்கள் வீடு. நாடகம் பார்க்கிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அம்மா பார்க்கும்போது குறுக்கே நடப்பார், வேண்டுமென்றே செருமுவார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் ஈரக் காலோடு மாடிப்படி இறங்கி வழுக்கி விழுந்தார். தொடை எலும்பில் தகடு வைத்தார்கள். கூடத்தில் கட்டில் போட்டுப் படுக்கவைத்தோம். கட்டிலுக்கு நேர் எதிரே டிவி. முதல் வாரம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். இரண்டாவது வாரம், அந்தப் பெண் ஏன் அழுகிறாள் என்று அம்மாவிடம் கேட்டார். மூன்றாவது வாரம் எட்டரை மணிக்கு மிக்சி ஓடக்கூடாது என்று உத்தரவு வந்தது.

கதை இதுதான். அரிசி மில் வைத்திருக்கும் ஒரு பெரிய மனிதர். ஒரே மகள். அவள் அப்பா சொன்ன மாப்பிள்ளையை விட்டுவிட்டுத் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள். மில்காரர் அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார். ஒரே தெருவில் இருந்துகொண்டு, எதிரே வந்தாலும் பார்க்காமல் போவார். போய்த் திரும்பி நின்று அவள் முதுகைப் பார்ப்பார். உண்மையைச் சொன்னால் அப்போது அது நல்ல நாடகமாகத்தான் இருந்தது. அந்த நடிகர் அதிகம் பேசமாட்டார், சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே நிற்பார். அப்பா அந்த இடங்களில் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்வார். வியர்வை என்பார். மார்கழியில் என்ன வியர்வையோ.

எனக்கு அந்தக் கதை வெறும் கதையாக இல்லை. எங்கள் பரிசோதனைக் கூடத்துக்குப் பக்கத்து அறையில் எக்ஸ்ரே எடுப்பவர் ஒருவர் இருந்தார். பக்கத்தில் அடி அண்ணாமலை கிராமத்துக்காரர். இரண்டு வருடப் பழக்கம். நல்ல மனிதர், என்னைவிடப் பொறுமைசாலி. ஆனால் எங்கள் பக்கத்து வழக்கில் சொன்னால், வேறு ஆளுங்க. அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் எங்கள் சொந்தக்காரர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

கீழ்பென்னாத்தூரில் இருந்து பெரியப்பா அப்பாவைப் பார்க்க வந்தார். எங்கள் வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். எட்டரைக்கு அவரும் உட்கார்ந்து பார்த்தார். மில்காரர் செய்வதுதான் சரி, இந்தக் கழுதையை வீட்டுப் பக்கமே சேர்க்கக்கூடாது என்றார். அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசி நான் பார்த்திராத அப்பா, கட்டிலில் முழங்கையை ஊன்றி எழுந்தார்.

"அந்தப் பொண்ணு இன்னாணா தப்பு பண்ணிச்சு? நல்ல பையனதான கட்டிகிச்சு."

அடுப்படியில் நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மறுநாள் காலை எக்ஸ்ரே அறை வாசலில் நின்று அந்த வாக்கியத்தை ஒரு எழுத்து விடாமல் அவரிடம் ஒப்பித்தேன். அவர் சிரிக்கவில்லை. அது டிவியில் வரும் பெண்ணைப் பற்றிச் சொன்னதுதானே என்று மட்டும் கேட்டார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது.

திட்டம் அம்மாவுடையது. மில்காரர் எப்படியும் ஒரு நாள் மனம் மாறி மகளைச் சேர்த்துக்கொள்வார். அன்றைக்கு அப்பா அழுவார். அழுது முடித்துத் தண்ணீர் கேட்பார். சொம்பை நீட்டும்போது நம் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்த நேரத்தில் முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அம்மா இதை அரிசி களைந்துகொண்டே சொன்னாள். அவளுடைய வாழ்நாளில் அதைவிடக் கெட்டிக்காரத்தனமாக அவள் யோசித்ததில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அந்த நாள் வந்தது. மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது. மில்காரர் தொட்டிலைப் பார்க்கப் போவதாக ஒரு வாரமாகத் துண்டு துண்டாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார், உள்ளே போனார், குழந்தையைத் தூக்கினார், மகளே என்றார். அப்பா துண்டைத் தேடினார். அம்மா சொம்போடு வந்து நின்றாள். நான் வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் மில்காரர் தன் வீட்டுக் கட்டிலில் திடுக்கிட்டு விழித்து உட்கார்ந்தார். அத்தனையும் கனவாம். அப்பா துண்டைக் கீழே போட்டார். அம்மா அந்தத் தண்ணீரைத் தானே குடித்தாள்.

அன்றைக்குப் பிடித்த சனி விடவேயில்லை. அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை, மில்காரர் வேடத்தில் இனி இவருக்குப் பதில் இவர் என்று எழுத்துப் போட்டார்கள். புதிதாக வந்தவர் ஒல்லி. பித்தானைத் திருகத் தெரியாது, எல்லாவற்றுக்கும் கத்துவார். அப்பா இரண்டு நாள் டிவியைப் பார்க்காமல் படுத்திருந்தார். பிறகு, வேறு வழியில்லாமல் பார்த்தார். மகளுக்கு விபத்தாகிப் பழைய நினைவெல்லாம் போனது. அவளைப் போலவே இன்னொருத்தி வந்தாள், மூக்கின் மேல் ஒரு மச்சத்தோடு. ஒரு கோயில் திருவிழா மூன்று வாரம் நடந்தது. எங்கள் ஊர் தீபத் திருவிழாவே பத்து நாள்தான்.

இதெல்லாம் வெறும் எரிச்சலோடு போயிருந்தால் பரவாயில்லை. எனக்கு உயிர் போனது வேறு காரணத்துக்காக. கதையை இழுப்பதற்காக அந்தப் பெண்ணை முட்டாளாக்கிக்கொண்டே போனார்கள். புகுந்த வீட்டில் விஷம் வைக்கிறார்கள் என்று தெரிந்தும் சிரித்துக்கொண்டே வாங்கிக் குடிப்பாள். குழந்தையைச் சந்தையில் மறந்து வைத்துவிட்டு வருவாள். கட்டிக்கொண்டவனோ மச்சக்காரியின் பின்னால் சுற்றினான். அப்பாவின் மனம் கண்ணெதிரே திரும்பியது. ஒரு நாள் மெதுவாக, தனக்குள்ளே பேசுவதுபோல, இதற்குத்தான் பெற்றவன் பேச்சைக் கேட்க வேண்டும் என்றார். நான் சோற்றுத் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அந்தக் கதையை எழுதுகிறவரை நான் அவ்வளவு வெறுத்தேன். முடிவில் பெயர்கள் ஓடும்போது கண்ணைச் சுருக்கித் தேடுவேன், படிக்க முடியாத வேகத்தில் ஓடும். சென்னைக்குப் போய் அவர் காலில் விழலாமா, அல்லது சட்டையைப் பிடிக்கலாமா என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் யோசித்திருக்கிறேன். என் அப்பாவை நல்லவராக்கிவிட்டு, பிறகு அந்த மனிதரே கெடுத்துக்கொண்டிருந்தார்.

அப்பா கைத்தடியோடு நடக்கத் தொடங்கிய மாதத்தில் பெரியப்பா ஒரு ஜாதகத்தோடு வந்தார். பையனுக்கு அரசு வேலை, நிலமும் உண்டு. பொருத்தம் பார்த்தாயிற்று. பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம் கலைந்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள், பிடித்தால் அன்றைக்கே தட்டு மாற்றிவிடலாம் என்றார். என்னை யாரும் கேட்கவில்லை. அப்பா சரி என்று தலையாட்டினார். அதே வாரத்தில் நாடகமும் முடியப்போகிறது என்று அறிவித்தார்கள். எட்டரையில் இருந்து ஆறரைக்குத் தள்ளி, ஆறரையில் இருந்து மதியம் இரண்டு மணிக்குத் தள்ளி, பார்க்க ஆளில்லாமல் போயிருந்தது. கடைசி நாள் சனிக்கிழமை. பெண் பார்க்க வருவதற்கு முந்தைய நாள்.

அடி அண்ணாமலைக்காரர் தானே வந்து அப்பாவிடம் பேசுவதாகச் சொன்னார். சனிக்கிழமை வரை பொறுங்கள் என்றேன். இன்னுமா அந்த நாடகம் என்றார். எனக்கு வேறு பிடி இல்லை.

சனிக்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தேன். நல்ல வெயில். ஞாயிற்றுக்கிழமைக்காகப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய நாற்காலிகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. அம்மா சொஜ்ஜிக்கு ரவை சலித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் மெல்ல, இன்றைக்கு எப்படியும் சேர்ந்துவிடுவார்கள் என்றேன். அம்மா சல்லடையைத் தட்டினாள்.

சேர்ந்தார்கள்தான். மில்காரருக்கு மாரடைப்பு. ஆஸ்பத்திரிக் கட்டில். மகள் ஓடிவந்தாள், போன வாரம் வரை இல்லாத நினைவு வாசற்படியிலேயே திரும்பிவிட்டது. என்னை மன்னித்துவிடம்மா என்றார். அவள் கையையும் அவள் கணவன் கையையும் சேர்த்து வைத்தார். மச்சக்காரியும் விஷம் வைத்தவர்களும் கட்டிலைச் சுற்றி நின்று சிரித்தார்கள். எழுத்து ஓடியது. பால் பொங்குகிற நேரம்கூட ஆகவில்லை. மாரடைப்புக்காரரும் எழுந்து உட்கார்ந்து கை கூப்பினார்.

அப்பா அழவில்லை. தண்ணீர் கேட்கவில்லை. அவர் முகம் சிவந்திருந்தது.

"ஏமாத்திட்டானுங்க. எல்லா ஸ்டாப்லயும் நின்னு நின்னு வந்துட்டு, டைம் ஆச்சுனு கடைசில பறக்கிறானுங்க."

அம்மா அடுப்படி வாசலில் இருந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். வேண்டாம், இன்றைக்கு வேண்டாம் என்று அர்த்தம். எனக்கும் தெரிந்தது. ஆனால் இன்றைக்கு இல்லை என்றால் நாளைக்கு அந்த நாற்காலிகளில் ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அதுதான் சேர்ந்துவிட்டார்களே, அப்புறம் என்ன கோபம் என்று அப்பாவிடம் கேட்டேன்.

"இதுக்குப் பேரு சேர்றதா? பெத்தவன் மனசு ஒரே நிமிஷத்துல திரும்பிடுமா? அவனுக்குக் கோவம் இருக்காது? அண்ணன் தம்பி கேப்பான், ஊரு கேக்கும். அதெல்லாம் எங்க காட்டுனான்?"

"எத்தினி நாள் ஆவும்பா?"

வேலூருக்கு எத்தனை மணி நேரம் என்று யாரோ கேட்டதுபோல, அப்பா உண்மையாகவே யோசித்தார்.

"கொறஞ்சது ஒரு வருஷம். பேசமாட்டான், மூஞ்சி குடுக்கமாட்டான். அப்புறம் மெதுவாத்தான் வரும்."

"வந்துடும் இல்ல?"

"வராம எங்க போவும். பெத்த பொண்ணாச்சே."

அம்மா சல்லடையோடு கூடத்துக்கு வந்துவிட்டாள். நான் தரையில் இருந்து எழுந்தேன். உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"அப்ப, அந்த ஒரு வருஷத்த இன்னிக்கே ஆரம்பிச்சிக்கோபா."

அவருக்கு முதலில் புரியவில்லை. டிவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அம்மா தலை குனிந்தவுடன் புரிந்துவிட்டது. மூன்றே கேள்விகள் கேட்டார். யார், எந்த ஊர், நம் ஆட்களா. மூன்றுக்கும் பதில் சொன்னேன். மூன்றாவது பதிலுக்குப் பிறகு அவர் கையில் இருந்த கைத்தடி தரையில் லேசாகத் தட்டிக்கொண்டே இருந்தது. அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

அவர் போனை எடுத்தார். பெரியப்பாவைக் கூப்பிட்டார். நாளைக்கு அவர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிடு என்றார். பெரியப்பா கத்துவது எங்களுக்கே கேட்டது. அவர் கத்தி முடித்ததும் அப்பா, "ஆமாணா, எம் பொண்ணு விஷயந்தான். நா பாத்துக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு தடியை ஊன்றிக்கொண்டு வெளியே போனார். அந்த வெயிலில் எங்கே போனார் என்று இதுவரை தெரியாது.

அன்று முதல் என்னோடு பேசவில்லை. எங்கள் கல்யாணம் நடந்தபோது அம்மா வந்தாள், அவர் வரவில்லை. பெரியப்பா குடும்பம் எங்கள் வீட்டு வாசலை மிதிப்பதில்லை. அவர் சொன்ன ஒரு வருடம் முடிந்து நான்கு மாதம் ஆகிவிட்டது. முடிந்த அன்றைக்கு நான் நாள் முழுக்கப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. அழுதேன், திட்டினேன். என் வீட்டுக்காரர், ஒரு வருடம் என்று அவரும் குத்துமதிப்பாகத்தானே சொன்னார் என்றார்.

அடி அண்ணாமலையில் இருந்து தினமும் சாயங்காலம் அம்மாவோடு பேசுகிறேன். அப்பா இப்போது செய்திகள் மட்டும் பார்க்கிறாராம். போனில் பின்னால் அந்தச் சத்தம் எப்போதும் கேட்கும். ஆனால் சில வாரங்களாக ஒன்றைக் கவனிக்கிறேன். நான் பேசத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் செய்தி வாசிப்பவரின் குரல் தணிகிறது. முதல் நாள் கரண்ட் போய்விட்டதோ என்று நினைத்தேன். போகவில்லை. நான் போனை வைக்கும்வரை யாரும் சத்தத்தைக் கூட்டவும் இல்லை. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் நான் அம்மாவிடம் கொஞ்சம் சத்தமாகவே பேசுகிறேன்.