தண்டில் தொங்கிய இரும்பு

இன்று கல்லூரியில் வாத்தியார் எஞ்சினின் கிராங்க் தண்டை வரைந்து, ஆட்டத்தைச் சமன் செய்ய ஒரு பக்கம் எடைக்கட்டியைச் சேர்த்ததும் எங்கள் வடகரைக் கிணற்றடியின் எண்ணெய்ப் புகை என் மூக்கில் ஏறியது.

நான் சிறுவனாக இருந்தபோது அந்தக் கிணற்றுக்கு எண்ணெய் எஞ்சின் வாங்கியிருந்தோம். அன்று அங்கே அப்பாவும் சித்தப்பாவும் இருந்தார்கள். எஞ்சினை மாட்டிய மிஸ்திரி இல்லை. தண்ணீர் இறைக்கும்போது எஞ்சின் லேசாக ஆடியது.

"ஒரு பக்கம் மட்டும் இரும்பு தொங்குனா ஆடாம என்னலே செய்யும்? கழத்து" என்றார் அப்பா.

"மிஸ்திரி வரட்டுமே, அண்ணே."

"அவன் வருததுக்குள்ள நெல்லு கருகிரும்லே."

சித்தப்பா கழற்றினார். எஞ்சின் கிடாய் போலத் துள்ளியது. நாலாம் நாள் தண்டு முறிந்தது, நெல்லும் கருகியது.

பலகையில் வாத்தியாரின் கணக்கு சரியாக வருகிறது. வெறும் கண்ணால் பார்த்தால் அப்பா சொன்னதும் எனக்குச் சரியாகத்தான் படுகிறது. புதுத் தண்டுக்காக உழவு மாடுகளை விற்றோம். ஜோடி நூற்று இருபது ரூபாய்.