உப்பு வரியை எதிர்த்துப் பேசிய வெள்ளைக்காரர் படம்

ராஜபாளையத்து ஜின்னிங் ஆலையில் பஞ்சுப் பொதி எடை போடுகிற வேலை எனக்கு. எங்கள் மானேஜர் துரை சீமைக்குத் திரும்பியபோது பங்களாச் சாமான்களை ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். எனக்கு வந்தது கண்ணாடி போட்ட ஒரு படம். உலோகத் தகட்டில் செதுக்கி அச்செடுத்தது. கிட்டே போனால் மயிரிழை மயிரிழையாகக் கோடுகள்தான் தெரியும். தள்ளி நின்றால் காதோரம் அடர்ந்த கிருதாவும் கறுப்புக் கோட்டுமாக ஒரு பெரிய மனிதர் நம்மைப் பார்ப்பார். போன நூற்றாண்டிலேயே சீமைப் பார்லிமெண்டில் எழுந்து, இந்தியாவில் ஏழை தின்கிற உப்புக்கு வரி போடலாமா என்று கேட்டவராம். துரையின் தாத்தா ஆசையாக வாங்கியது, அப்பாவுக்கு இந்த ஆளைக் கண்டாலே ஆகாதாம். "உங்கள் ஆள்தான், நீயே வைத்துக்கொள்" என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

பெருமாளுக்கும் ஆண்டாளுக்கும் நடுவில் ஓர் ஆணி சும்மா இருந்தது. அதில் மாட்டினேன். வெள்ளிக்கிழமை படங்களைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கும்போது என் வீட்டுக்காரி இவருக்கும் வைத்துவிடுவாள். வரிசையில் ஒருவரை விட்டுவிட அவளுக்கு மனசு வராது.

என் மூத்த மகளுக்கு வந்த வரனெல்லாம் தட்டிக்கொண்டே போனது. கடைசியாக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையைப் பெற்றவர் கதர் வேட்டிக்காரர், உப்புக் காய்ச்சப் போய் ஜெயிலில் இருந்தவர். பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்துவிட்டது முகத்திலேயே தெரிந்தது. அந்த நேரம் பார்த்து அவர் கண் சுவரில் ஏறியது.

"என்னய்யா இது? வெள்ளக்காரனுக்குச் சந்தனமா? நடுவுல வேற!" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "ஏலே, எந்திரி. இந்தச் சம்பந்தம் நமக்கு ஆகாது."

ரங்கமன்னாரே, பெருமாளே என்று உள்ளுக்குள் கூப்பிட்டேன். அதற்குள் வீட்டுக்காரி சமையற்கட்டிலிருந்து வந்துவிட்டாள்.

"அண்ணாச்சி, செத்த நேரம் நில்லுங்க. நீங்க உப்புக்காக ஜெயிலுக்குப் போனவிய. இவியளும் அந்தக் காலத்துலயே உப்புக்குத்தான் அவிய ஊர்ச் சபையில சண்டை போட்டிருக்காவ. நான் பொட்டு வைக்கப்படாதா? உங்க படத்தைக் குடுங்க, உங்களுக்கும் வைக்கேன்."

"அடி ஆத்தி! உசுரோட இருக்க மனுசனுக்கா?" என்றார் பையனின் அம்மா.

வந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். கதர் வேட்டிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. நான் துரை சொன்னதை அப்படியே சொன்னேன். படத்துக்குக் கிட்டே போய் மூக்கு இடிக்கிற மாதிரி நின்று பார்த்தார்.

"ஜெயில்ல ஒரு வக்கீல் சொல்லுவாரு, நாம பொறக்கதுக்கு முன்னாலயே அவனுகள்ள ஒருத்தன் உப்பு வரி தப்புன்னு பேசுனான்னு. நான் நம்பல. வாய்க்கு வந்தபடி ஏசிட்டேன். இவியதானா அது?"

பையிலிருந்து தன் கையால் நூற்ற நூல் சிட்டம் ஒன்றை எடுத்தார். கதர்க்காரர்கள் தலைவர்களுக்கு மாலையாகப் போடுவது அது. விரித்து, எக்கி, படத்துக்குப் போட்டார். பிறகு என் வீட்டுக்காரியிடம் திரும்பினார்.

"தங்கச்சி, இலையப் போடு."

பெண் வீட்டில் கை நனைத்தால் சம்மதம் என்று பொருள். நானே குனிந்து இலை விரித்தேன். சம்பந்தி சப்பணமிட்டு உட்கார்ந்து ரசத்தைக் கேட்டுக் கேட்டு வாங்கினார். சமையற்கட்டில் என் மகள் வாய்விட்டுச் சிரித்த சத்தம் கூடம் வரைக்கும் கேட்டது.