பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தவன்

இதே ஊரின் மறுகோடியில், சால்ட் லேக்கில் இருக்கும் மகன் தன் வீட்டுக்கே வந்துவிடச் சொன்னபோது, கீழ்வீட்டு அண்ணாச்சி ஒரு பிளாஸ்டிக் விமானத்துக்குச் சிறகு ஒட்டிக்கொண்டிருந்தார். "இத முடிச்சுட்டு வாரேன், அவசரப்படுத்தாத" என்று போனில் சொன்னார். அவர் போகும் நாள் அந்த விமானத்தின் கையில் இருந்தது.

அண்ணாச்சி தூத்துக்குடிக்காரர், இங்கே துறைமுகத்தில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். நான் பத்திரிகையில் பிழை பார்த்து ஓய்வு பெற்றவன். லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால், வங்காளிகள் நிறைந்த இந்தக் கட்டடத்தில் எங்களை விட்டால் தமிழ் பேச ஆளில்லை. அவருக்குக் கண்ணில் புரை. செய்முறைத் தாளைப் படித்துச் சொல்லி, பாகங்களை எடுத்துக் கொடுப்பது என் வேலை. தினமும் பத்திலிருந்து பன்னிரண்டு வரை. மனைவி இறந்த பிறகு நான் வாய் திறந்தது அந்த இரண்டு மணி நேரம்தான்.

அது போர்க்காலத்தில் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பறந்த டார்பிடோ விமானம். துணி போர்த்திய இரட்டைச் சிறகு. வயிற்றுக்கு அடியில் ஒரே ஒரு டார்பிடோ. அதைப் போட வேண்டுமானால் பனைமர உயரத்துக்கு இறங்கி, மெதுவாக, நேர்கோட்டில் எதிரிக் கப்பலை நோக்கிப் போக வேண்டும். சுடுகிறார்களே என்று வளைந்தால் டார்பிடோ கோணலாக விழுந்து வீணாகும்.

"இத்தனூண்டு விமானம் பெரிய கப்பலை மூழ்கடிச்சுருமா, அண்ணாச்சி?"

"மூழ்கடிக்க எதுக்கு வே? சுக்கான்ல ஒண்ணு பட்டாப் போதும். கப்பல் போக்கிடம் இல்லாமச் சுத்தும். பொறவு நம்ம பெரிய கப்பலுவ வந்து பாத்துக்கிடும். இவன் சோலி, அத ஓட விடாமப் புடிச்சு வைக்கது. பேப்பர்ல இதெல்லாம் போட மாட்டீரோ?"

ஆட்கள் மூன்று பேர்: விமானி, வழி பார்ப்பவர், பின்பக்கம் திரும்பி உட்காரும் துப்பாக்கிக்காரன். வந்த வழியை மட்டுமே பார்க்கும் அந்த மூன்றாமவன்தான் கடைசிப் பாகம். பாசிப்பருப்பு அளவு தலை. அண்ணாச்சி பசையைத் தேடித் திரும்பிய நேரத்தில் அவனை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மூன்று வாரம் தேடினோம். அலமாரியை நகர்த்தினோம், துடைப்பத்தை உதறினோம். "பேப்பர்காரன் கண்ணுக்குமா தட்டுப்படல?" என்று அண்ணாச்சி ஏசினார். நான் முழங்காலிட்டுக் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்தேன்.

மகன் பொறுமை இழந்து ஒரு சனிக்கிழமை காரோடு வந்துவிட்டார். "ஒரு பொம்மைக்காக எத்தனை நாள்ப்பா?" என்றார். அதற்கு முந்தின நாள் எனக்குக் காய்ச்சல், கீழே இறங்கவில்லை. சனிக்கிழமை இறங்கியபோது அண்ணாச்சி வாசலில் நின்றிருந்தார். கையில் அட்டைப் பெட்டி, அதற்குள் விமானம், பின்னிருக்கை காலி.

"கெடச்சிருச்சு அண்ணாச்சி. கட்டிலுக்கு அடியிலதான் கெடந்திருக்கு" என்று கையை நீட்டினேன்.

அவர் என் உள்ளங்கைக்குக் கண்ணைக் கிட்டே கொண்டுவந்து பார்த்தார்.

"கட்டில நேத்தே பழைய சாமான்காரன் தூக்கிட்டுப் போயிட்டானே, வே."

மகன் கார்க் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்.

"ஒம்ம கிட்டயே இருக்கட்டும்" என்றார் அண்ணாச்சி. "அங்க வந்து ஒட்டிக் குடுத்துட்டுப் போம்."

இரண்டு மாதம் ஆகிறது. எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும் என்பதெல்லாம் விசாரித்து வைத்திருக்கிறேன். ஒட்டுவதற்கு ஒரு நிமிடம் போதும். அதற்குப் பிறகு அங்கே எனக்கு வேலை இல்லை. துப்பாக்கிக்காரன் மேசைமேல் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறான். பத்து மணிக்கு எடுத்துப் பார்த்துவிட்டு மூடி வைக்கிறேன்.