உக்காந்தாச்சா டிரைவரின் பன்னிரண்டு வாரம்

"உக்காந்தாச்சா?" என்று அடுப்பைப் பார்த்தபடியே கேட்கிறார் டிரைவர். பதில் வராது என்று அவருக்குத் தெரியும். கேட்டுவிட்டு, அடுப்புக்கு மேலே மாட்டியிருக்கும் கண்ணாடியை நிமிர்ந்து பார்க்கிறார். அது பேருந்தில் ஓட்டுநரின் தலைக்கு மேலே இருக்கிற நீளக் கண்ணாடி. அதில் பக்கத்து அறைக் கட்டிலும், கட்டிலில் சாய்ந்திருக்கும் மாமியாரும் தெரிகிறார்கள். அந்த அம்மாள் தலையணையில் சரியாகச் சாய்ந்திருக்கிறார் என்று உறுதியான பிறகுதான் மசித்த உருளைக்கிழங்குக் கிண்ணத்தைக் கையில் எடுக்கிறார்.

இருபத்திரண்டு வருஷமாகப் பேருந்து ஓட்டுகிறார். பெற்றோர் வைத்த பெயர் பணிமனைப் பதிவேட்டில் இருக்கிறது. மற்ற எல்லோருக்கும் அவர் 'உக்காந்தாச்சா'தான். ஏறியவர்களில் கடைசி ஆள் உட்காரும் வரைக்கும் கண்ணாடியைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருப்பார், வண்டியை எடுக்கமாட்டார். "இந்த ஆளு வண்டில ஏறினா இன்னிக்கு ஆபீசுக்கு நாளைக்குத்தான் போய்ச் சேருவோம்" என்று அவசரக்காரர்கள் முணுமுணுப்பார்கள். அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை.

இந்தப் பழக்கத்துக்குக் காரணமே மாமியார்தான். கல்யாணமான புதிதில் ஒருநாள் அந்த அம்மாள் இவருடைய வண்டியில் ஏறினார். மருமகனுக்குத் தன் திறமையைக் காட்ட வேண்டும் என்று ஆசை. அந்த அம்மாள் உட்காருவதற்குள் விருட்டென்று எடுத்தார். முன்பின் தெரியாத ஒரு பெரியவரின் மடியில் போய் விழுந்தார் மாமியார். "ஒரு வண்டியையே ஒழுங்கா எடுக்கத் தெரியல, இவன் கையிலயா என் பொண்ணைக் குடுத்தேன்!" என்று வண்டி நிறைந்த கூட்டத்தில் ஒரு பிடி பிடித்துவிட்டு, அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி நடந்தார். அதற்கப்புறம் கொட்டுகிற மழையில்கூட அவர் மருமகனின் வண்டியில் ஏறவில்லை. "அன்னிக்கு வாங்கினது இன்னும் காதுல இருக்கு" என்று இவர் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறார்.

வாயாலேயே குடும்பத்தை நடத்திய அந்த அம்மாளைப் பக்கவாதம் சாய்த்தது. வலக்கை போயிற்று, பேச்சும் போயிற்று. மனைவி தையல் ஆலையில் வேலை பார்க்கிறார். அங்கே மூன்று நாள் போகாவிட்டால் நான்காம் நாள் அந்த இயந்திரத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். என்ன செய்வது என்று இருவரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, பணிமனை எழுத்தர் அம்மாதான் இவரைக் கூப்பிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ள, சம்பளத்தோடு பன்னிரண்டு வாரம் விடுப்பு. அப்படி ஒன்று இருப்பதே இவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

'உறவு' என்ற கட்டத்தில் 'மாமியார்' என்று எழுதியதும் பணிமனையே கூடிவிட்டது. "மாமியாருக்காக லீவு போடற மருமகனை இப்பத்தான்யா பாக்கறேன்!" மேலாளர் மட்டும் சிரிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "போய்ப் பாருங்க. வண்டி எங்கயும் ஓடிப்போயிடாது" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை இவர் சொல்லாத ஆள் பாக்கியில்லை. சொல்லும்போதெல்லாம் கண் கலங்குகிறது; அதை மறைக்கவும் மாட்டார்.

பணிமனை ஃபிட்டர் தன் பங்குக்கு, கழித்துப்போட்ட வண்டியிலிருந்து கண்ணாடியையும் மணியையும் கழற்றிக் கொடுத்தார். மணியின் பொத்தான் இப்போது கட்டிலின் இடப்பக்கம், நல்ல கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது. "கண்டக்டர் கணக்குதான் அத்தை. ஒண்ணு அடிச்சா எங்க இருந்தாலும் நின்னுடுவேன். ரெண்டு அடிச்சீங்கன்னா கெளம்பிடுவேன், பாத்துக்குங்க!" அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒற்றை மணிதான் கேட்கிறது. தண்ணீருக்கு ஒன்று, போர்வைக்கு ஒன்று. சமயத்தில், இவர் வெங்காயம் நறுக்குகிற லட்சணத்துக்கும் ஒன்று.

காலையில் குளிப்பாட்டி உடை மாற்றிவிட்டு மகள் வேலைக்குப் போகிறார். அதற்குமேல் எல்லாம் மருமகன் பொறுப்பு. மாத்திரை கொடுக்கிறார், மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிடுகிறார். சக்கர நாற்காலியைத் திருப்புவதற்கு முன், "லெஃப்ட்ல திரும்பறோம், பிடிச்சுக்குங்க" என்று அறிவிக்கிறார். "வேலை செய்யாம வாங்கற சம்பளம்னு மொதல்ல கூச்சமா இருந்தது. ரெண்டாம் வாரம் இடுப்பு பிடிச்சுது பாருங்க, கூச்சம் போயிடுச்சு" என்கிறார்.

ஒரு கவலை மட்டும் மனதை அரித்துக்கொண்டிருந்தது. விடுப்பு முடிந்தால் இவருக்கு மதிய ஷிப்டு. பதினொரு மணிக்குக் கிளம்ப வேண்டும். காலை ஷிப்டு முடிந்து மனைவி திரும்பி வர மதியம் ஒரு மணி ஆகும். அந்த இரண்டு மணி நேரம் மாமியார் தனியாக இருந்தாக வேண்டும். இருமல் வரும்போது எழுந்து உட்காராவிட்டால் மூச்சு முட்டும், தானாக உட்காரப் பழகும்வரை தனியாக விடக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். விடுப்பு முடிவதற்குள் அது முடியாவிட்டால் காப்பகத்தில் சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்தப் பேச்சு வந்தபோது மாமியார் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டதைக் கண்ணாடியில் பார்த்தார் மருமகன்.

அன்றிலிருந்து தினமும் பயிற்சி. கட்டில் கம்பியை இடக்கையால் பிடித்து இழுத்து எழ வேண்டும். பாதி எழுந்ததும் மாமியார் சரிந்துவிடுவார். கோபத்தில் கண்ணில் நீர் முட்டும். "பரவால்ல அத்தை, ட்ராஃபிக்தான். க்ளியர் ஆயிடும்" என்று தலையணையைச் சரி செய்வார் இவர். பதினொன்றாம் வாரம் ஒருமுறை முழுதாக எழுந்து உட்கார்ந்தார். அடுத்த நாள் முடியவில்லை. அதற்கடுத்த நாள் இரண்டு தடவை முடிந்தது. உடனே பணிமனைக்குத் தொலைபேசியில் அழைத்து எழுத்தர் அம்மாவிடம் அதைச் சொன்னார். "நீங்க குடுத்த நாளும்மா இது" என்றார்.

விடுப்பு முடிந்த மறுநாள். சீருடை போட்டாயிற்று, சாப்பாட்டுப் பை தோளில். சமையலறையைக் கடந்துதான் வாசல். கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். தண்ணீர் வைத்தேனா, கைபேசி பக்கத்தில் இருக்கிறதா என்று மூன்றாவது தடவையாகத் திரும்பி வந்து பார்த்துவிட்டு, மறுபடி வாசலில் நின்றார். மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது.

பழக்கதோஷம், வாய் தானாகக் கேட்டது: "உக்காந்தாச்சா?"

கண்ணாடியில், படுத்திருந்த மாமியாரின் இடக்கை கம்பியைத் தேடிப் பிடித்தது. தோள் நடுங்கியது. பாதியில் ஒருமுறை நின்றது. பிறகு மெல்ல நிமிர்ந்து, கால்களைத் தொங்கவிட்டு நேராக உட்கார்ந்தார். மூச்சு வாங்கக் கண்ணாடியையே பார்த்தார். கம்பியை விட்டுக் கையை எடுத்துப் பொத்தானை அழுத்தினார்.

ஒருமுறை. இன்னொருமுறை.