அண்ணனின் கையில் ஓடிய பேருந்து

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உற்றார் உறவினர்க்கும் நண்பர்களுக்கும் வணக்கம். எடுத்த எடுப்பிலேயே ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். முன்னட்டைப் படத்தில் அண்ணனின் வலக்கை மட்டும் மங்கலாகத் தெரிவது அச்சகத்தாரின் பிழை அன்று. பாவம், அவர்களே தொலைபேசியில் அழைத்து, "மேடம், வேற போட்டோ இருந்தா அனுப்புங்க, இதுல கை ஆடியிருக்கு" என்றார்கள். வேறு படம் எங்களிடம் இல்லை. ஐம்பத்திரண்டு ஆண்டு வாழ்வில் அந்தக் கை ஒரு முழு நாள் ஓய்ந்திருந்தது இரண்டே முறைதான். முதல் முறை அது நின்றதற்குக் காரணம் நான். அதை மறைத்துவிட்டு அண்ணனைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

அண்ணன் முசிறியில் அம்மாவின் பிறந்த வீட்டில், எங்கள் பெற்றோரின் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். அப்பா ஸ்ரீரங்கத்தில் பூக்கடை வைத்திருந்தார். மாதம் ஒருமுறை அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு சத்திரம் பேருந்து நிலையத்தில் முசிறி பஸ் ஏறுவார். காவிரியின் தென்கரையோடு போய், ஜீயபுரம் தாண்டி, குளித்தலைப் பாலம் ஏறி அக்கரை சேரும் வண்டி அது. நான்கு வயது வரை வாய் திறக்காத அண்ணன் முதன்முதலில் பேசியது அந்த வண்டியில்தான். கண்டக்டர் விசில் ஊத மறந்து நின்றபோது, அம்மாவின் மடியிலிருந்து கணீரென்று "ரைட்!" என்றாராம். டிரைவரும் வண்டியை எடுத்துவிட்டார். அம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார், சிரித்து முடிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

பூக் கட்டுவதற்காக எங்கள் வீட்டில் வாழைநாரை நனைத்துக் கிழித்து வைத்திருப்பார்கள். ஐந்து வயதில் அண்ணன் அதில் ஒன்றை உருவி, வலக்கண்ணுக்கு நேரே பிடித்துப் படபடவென்று ஆட்டத் தொடங்கினார். உடம்பு முன்னும் பின்னும் அசையும். உதடு முணுமுணுக்கும். திடீரென்று சிரிப்பார், திடீரென்று யாரிடமோ கோபித்துக்கொள்வார். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். இப்போது ஆட்டிசம் என்று ஒரு பெயர் இருக்கிறது. அப்போது எங்கள் தெருவில் அதற்குப் பெயர் இல்லை, யோசனைகள் மட்டும் ஏராளமாக இருந்தன. ஒருவர் தாயத்து கட்டச் சொன்னார். ஒருவர் வேப்பிலை அடிக்கச் சொன்னார். கையில் சூடு வைத்தால் நின்றுவிடும் என்று சொன்ன ஒரு புண்ணியவதியும் உண்டு. அவருக்கு அம்மா சொன்ன பதில் தெருவில் வெகுநாள் பேசப்பட்டது. "கை அவனோடது, நார் எங்களோடது. உங்களுக்கு எங்கங்க வலிக்குது?"

பள்ளியில் ஆசிரியர் "கையைக் கட்டு" என்பார். அண்ணன் கட்டிக்கொள்வார். மணி அடித்துப் பிள்ளைகள் ஓடிய பிறகும் கட்டியபடியே உட்கார்ந்திருப்பார். கட்டச் சொன்னவரே எடுக்கவும் சொல்ல வேண்டும் என்பது அண்ணனின் சட்டம். ஐந்தாம் வகுப்போடு பள்ளி போதும் என்று அப்பா அவரைக் கடைக்கு அழைத்துக்கொண்டார்.

கடையில் அண்ணன் நன்றாகவே தேறினார். விடியற்காலையில் பன்னிரண்டு வீடுகளுக்குப் பூக் கொடுக்கப் போவார். நேரம் ஒரு நிமிடம் பிசகாது. பொய் சொல்லத் தெரியாது. அப்பா ஒருவருக்கு மல்லிகையை அளந்துகொண்டிருக்கும்போதே பக்கத்திலிருந்து, "இது நேத்துப் பூ" என்பார். அப்பா தலையில் அடித்துக்கொள்வார். ஆனால், "உங்க பையன் சும்மா இருந்தா புதுப் பூன்னு அர்த்தம், கொடுங்க" என்று கேட்டு வாங்க ஒரு கூட்டமே சேர்ந்தது.

இனி என் தவற்றுக்கு வருகிறேன்.

எனக்கு இருபத்து மூன்று வயதில் திருவானைக்காவலிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. காலையிலேயே வந்துவிட்ட அத்தை, அப்பா பிறந்த வீட்டின் மூத்தவர் என்ற உரிமையில், "பெரியவனை உள்ளாற உட்கார வெச்சிருங்க, அவங்க கண்ணுல பட வேணாம்" என்றார். அம்மா ஒப்பவில்லை. "அவன் கூடத்துலதான் உட்காருவான். வேணாங்கறவங்க எந்திரிச்சுப் போகட்டும்" என்றார். அத்தைக்கும் அம்மாவுக்கும் நடுவில் நான் தவித்தேன். உண்மையைச் சொன்னால், அத்தை சொன்னதுதான் எனக்கும் ஆசை. அண்ணனின் கையிலிருந்த நாரைப் பிடுங்கிப் பீரோவின் மேல் போட்டேன். "அண்ணா, நான் சொல்ற வரைக்கும் கையைக் கட்டிக்கோ. எடுக்கவே கூடாது" என்றேன். "சரி பாப்பா" என்றார்.

வந்தவர்களுக்கு என்னைப் பிடித்துப் போயிற்று. அன்றே பூ வைத்துவிட்டார்கள். வீடு முழுக்கச் சிரிப்பும் பேச்சும். யார் யாருக்குச் சொல்வது, எந்த மண்டபம் என்று ஒரே ஆரவாரம். அண்ணன் இரவு சாப்பிட வரவில்லை. பிள்ளைக்குத் தங்கை போகிற வருத்தம் என்று அம்மா சோற்றைப் பிசைந்து ஊட்டினார். மறுநாள் அண்ணன் பூக் கொடுக்கப் போகவில்லை. பன்னிரண்டு வீட்டிலிருந்தும் ஆள் தேடி வந்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் அம்மா என்னை இழுத்துக்கொண்டு போய் அவர் முன் நிறுத்தினார். "அவன் தூங்கினப்போகூட கையைப் பிரிக்கலடி. என்னடி சொன்ன இவன்கிட்ட?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "எடுத்துக்கோண்ணா, கையை எடுத்துக்கோ" என்று கதறினேன். அவரால் உடனே எடுக்க முடியவில்லை. முழங்கை விறைத்துப் போயிருந்தது. அம்மா நல்லெண்ணெய் தடவி நீவிவிட்டார். நான் பீரோவின் மேலிருந்த நாரை எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் அதை ஆட்டாமல் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பஸ் ஜீயபுரத்துல நின்னுடுச்சு, பாப்பா. நேத்துலேர்ந்து எல்லாரும் வெயில்ல நிக்கிறாங்க."

"எந்த பஸ்ஸுண்ணா?"

"என் பஸ்ஸு. கை ஆடினாத்தான் ஓடும்."

அன்றைக்கு அவர் சொல்லச் சொல்ல, அம்மாவும் நானும் தரையில் உட்கார்ந்து கேட்டோம். அதுவரை யாரும் கேட்கவில்லை, அதனால் அவரும் சொல்லவில்லை. சத்திரத்திலிருந்து முசிறிக்கு ஒரு வண்டி. டிரைவரும் அவரே, கண்டக்டரும் அவரே. ஐந்து வயதிலிருந்து அது ஓடுகிறது. வெற்றிலைக் கூடையோடு ஓர் அம்மாள் பெட்டவாய்த்தலையில் ஏறுவார். ஆட்டுக்குட்டிக்கு டிக்கெட் எடுக்க மாட்டேன் என்று ஒரு பெரியவர் தினமும் சண்டை போடுவார். அண்ணன் கோபித்துக்கொள்வது அவரிடம்தான். ஜன்னலுக்காக அடித்துக்கொள்ளும் அக்கா தங்கை இருவர் இருந்தார்கள். அந்த இருவரில் ஒருத்திக்கு அண்மையில் கல்யாணமாம், அதனால் வண்டிக்குத் தோரணம் கட்டியிருந்தாராம். இத்தனை பேரையும் ஒரு முழு நாள் நட்டநடு வழியில் நான் நிறுத்திவைத்திருக்கிறேன். அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. நாரை ஆட்டத் தொடங்கினார். சற்று நேரத்தில் முகம் தெளிந்தது.

நடந்ததை என் கணவராகப் போகிறவரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் சிரித்தார். "கையைத்தான கட்டச் சொன்ன? அன்னிக்கு நாற்காலிக்குக் கீழ அவர் கால் விரல் ஆடிட்டே இருந்துச்சு. நான் பார்த்துட்டேன்" என்றார். அவர் கையில் பேனா இருந்தது. பேசி முடிக்கும்வரை அதன் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். இந்த மனிதரோடு வாழ்ந்துவிடலாம் என்று எனக்கு நிச்சயமானது அப்போதுதான்.

திருமணத்துக்குப் பின் எனக்கு ஜீயபுரம் பக்கத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியை வேலை கிடைத்தது. ஒரு பயிற்சி வகுப்பில்தான் ஆட்டிசம் என்ற சொல்லை முதன்முதலில் கேட்டேன். இப்படி ஆட்டுவதும் அசைவதும் சிலருக்கு மனத்தை நிலைப்படுத்தும் வழி, யாருக்கும் காயம் இல்லாதவரை தடுக்க வேண்டாம் என்று அங்கே சொன்னார்கள். எழுத்துக்கூட்டி மட்டுமே படிக்கத் தெரிந்த என் அம்மா இதை எப்போதோ கண்டுகொண்டார் என்று நினைத்து எனக்குப் பெருமையாகவும் வெட்கமாகவும் இருந்தது. மறுநாளிலிருந்து என் வகுப்பில் "கையைக் கட்டு" என்று நான் சொல்வதில்லை. வகுப்பு கொஞ்சம் சந்தைக்கடை மாதிரிதான் இருக்கும். பாடம் நடக்கிறது.

நாள்தோறும் பள்ளி விட்டு ஸ்ரீரங்கம் போய் அண்ணனைப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புவேன். "ஜீயபுரத்துல இன்னிக்கு யாரு ஏறினா?" என்று கேட்பார். சொல்வேன். சிலர் அவருடைய வண்டியிலும் ஏறிக்கொள்வார்கள். அப்பா மறைந்தபோது அண்ணன் அழவில்லை. காவிரிக் கரையில், அம்மா மண்டபப் படித்துறையில் காரியம் நடக்கையிலும் நாரை ஆட்டிக்கொண்டே நின்றார். "பெத்த பாசமே இல்லையே" என்று யாரோ முணுமுணுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் நான் கேட்டேன். "அப்பா ஏறிட்டாரு. முன் சீட்டு, ஜன்னல் ஓரம்" என்றார். ஆறு ஆண்டுகள் கழித்து அம்மாவும் அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அந்த இடத்தை அதுவரை யாருக்கும் கொடுக்காமல் துண்டு போட்டு வைத்திருந்தாராம்.

"எனக்கு ஒரு சீட்டு கொடுண்ணா" என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

"ஃபுல்லு, பாப்பா. உனக்கு இடமில்ல."

பொய் சொல்லத் தெரியாதவர் என்பதால் அது எனக்குச் சுருக்கென்று தைக்கும். "உங்க அண்ணன் இடமில்லைங்கற வரைக்கும் உனக்கு ஆயுசு கெட்டி, சந்தோஷப்படு" என்பார் என் கணவர்.

சென்ற ஆண்டு அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் செயலிழந்தது. அந்தக் கை நின்ற இரண்டாவது முறை அதுதான். மருத்துவமனையில் ஒரு முற்பகல் நான் உள்ளே போனபோது, அவருடைய இடக்கையைக் கட்டிலின் கம்பியோடு துணியால் கட்டியிருந்தார்கள். கையை ஆட்டினால் மருந்து ஏறும் ஊசி கழன்றுவிடுகிறது என்றார் செவிலியர். நல்லெண்ணத்தோடு செய்ததுதான். ஆனாலும் அவரைப் போகவிடாமல் நிறுத்தினேன். "சிஸ்டர், ஒரு தடவை நானே இவர் கையைக் கட்டியிருக்கேன். தயவு பண்ணி அவிழ்த்துடுங்க" என்று தொடங்கி, எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்த அந்தப் பெண் டாக்டரிடம் போய்ப் பேசிவிட்டு வந்து, ஊசியை அசையாத கைக்கு மாற்றி, கட்டை அவிழ்த்தார். "ஓட்டுங்கண்ணா" என்று வேறு சொன்னார்.

இடக்கையில் நாரை வைத்தேன். இரண்டு முறை ஆட்டிவிட்டு நிறுத்திவிட்டார். குழறிக் குழறிச் சொன்னார். "இது ரிவர்ஸ்ல போகுது."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "நான் ஆட்டட்டுமாண்ணா?" என்றேன். இடக்கையிலிருந்த நாரை என்னிடம் நீட்டினார். பிறகு, "டிரைவர் சீட்டுதான் இருக்கு. உட்காரு" என்றார். நாரை அவர் கண்ணுக்கு நேரே பிடித்தேன். "ரைட்" என்றார்.

முதலில் எனக்கு வரவில்லை. "மெதுவா. வளைவு வருது" என்பார். "இப்ப வேகமா போ" என்பார். அந்தச் சாலையில் இருபது ஆண்டு போய் வந்த பழக்கம் கைகொடுத்தது. பதினொரு நாள் காலையிலும் மாலையிலும் வண்டி ஓட்டினேன். பன்னிரண்டாம் நாள் காலை குளித்தலை தாண்டும்போது, "பாலம் ஏறு" என்றார். ஏறினேன். பாதிப் பாலத்தில் அண்ணனின் மூச்சு அடங்கியது. செவிலியர் வந்து என் தோளைத் தொட்டார். நான் நாரை நிறுத்தவில்லை. அப்பாவும் அம்மாவும், கூடைக்கார அம்மாளும், ஆட்டுக்குட்டியும், எல்லாரும் உள்ளே இருந்தார்கள். இரண்டாவது முறையும் அவர்களை நடுவழியில் நிறுத்த என்னால் ஆகாது. முசிறி போய்ச் சேர்ந்த பிறகுதான் கையை இறக்கினேன்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அண்ணன் பூவை வைத்துவிட்டு வாசலில் நாராட்டிக்கொண்டு நின்ற காலைகளில் ஒருநாளும் விரட்டாத அந்தப் பன்னிரண்டு வீட்டார்க்கு நன்றி. டிக்கெட் கேட்டுப் பக்கத்தில் வந்து, அவர் கண்ணுக்கு எதிரே ஆடும் நாரைக் கண்டதும் காத்திருந்த கண்டக்டர்களுக்கு நன்றி. கட்டை அவிழ்த்த செவிலியருக்கு நான் ஆயுள் முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன். அத்தை இன்று இல்லை. ஆனால் பின்னாளில் தாமே உட்கார்ந்து அண்ணனுக்கு நார் கிழித்துக் கொடுத்தவர் அவர்தான் என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன். அம்மா போன பிறகு அண்ணனைத் தம் வீட்டுப் பிள்ளையாகப் பார்த்துக்கொண்ட பக்கத்துவீட்டுக் குடும்பத்துக்கும், மூடியில்லாத பேனாக்களோடு இன்றும் வீட்டில் உலவும் என் கணவருக்கும் என் வணக்கம்.

ஆண்டு நினைவு நாளில் அண்ணனின் படத்துக்கு முன் வரும்போது யாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த மலரின் பின்னட்டையில் ஒரு வாழைநாரை ஒட்டியிருக்கிறோம். உங்கள் வீட்டுக் குழந்தை அதைப் பிய்த்தெடுத்துக் கண்முன் ஆட்டத் தொடங்கினால், பிடுங்கிவிடாதீர்கள். வண்டியில் ஆட்கள் இருக்கிறார்கள்.