மில்னர் துறைக்காரி தொட்ட கத்தி

எங்கள் ஹாட்ச் துறை மீனவர்களில் யார் கடலில் எங்கே கூண்டு இறக்குகிறார்கள் என்று அவரவர் மனைவிக்கே தெரியாது. கேட்டால் கிழக்கே கையைக் காட்டிவிட்டு மேற்கே படகை ஓட்டுவார்கள். சிங்கி இறால் பிடிக்கிறவர்களின் புத்தி அது. என் அக்கா மகள் கோரா அந்தப் புத்தியோடுதான், பதினாறு வயதில், புதுப் பொருள் ஒன்றைக் கண்டுபிடித்துச் செய்ய வைக்கும் பல்கலைக்கழகக் கோடைகால முகாமுக்குப் போனாள்.

முகாம் இலவசம் என்றதுமே எனக்குச் சந்தேகம்.

"சும்மா சோறு போட்டுச் சொல்லிக்குடுக்க அவங்களுக்கு என்ன வந்துச்சு? உன் யோசனையத் திருடி எவனுக்காவது விப்பாங்கடி."

"நான் வாயத் தொறந்தாத்தானே சித்தி திருடுவாங்க?"

அவள் மனதில் இருந்தது ஒரு கத்தி. போன இலையுதிர்காலத்தில் அவள் அப்பா மெர்ட்டனின் காலில் கூண்டுக் கயிறு சுற்றி, படகின் விளிம்புவரை இழுத்துப் போய்விட்டது. பூட்ஸ் கழன்றதால் பிழைத்தார். கடலுக்குத் தனியாகப் போகிறவர். அடுத்த முறை பூட்ஸ் கழலாவிட்டால்? அந்தக் கயிற்றை அறுக்கத்தான் ஒரே இழுப்பில் உறையிலிருந்து வரும் கத்தி. கூண்டில் சிக்காமல் இருக்க அதை இடுப்பின் பின்பக்கம் மாட்டும்படி வரைந்திருந்தாள்.

முகாமில் அவளுக்கு மேஜைத் துணையாக வாய்த்தவள் ஜோஸ்லின். ஊர் மில்னர் துறை. எங்கள் கூண்டுகளின் கயிற்றை அறுத்துவிடுகிற ஊர்!

"சித்தி, அவ நான் வரைஞ்ச படத்தையே எட்டி எட்டிப் பாக்குறா," என்று கோரா போனில் கிசுகிசுத்தாள்.

"துணியப் போட்டு மூடு," என்றேன். மூடினாள். கழிப்பறைக்கும் கையோடு கொண்டுபோனாளாம். ஆசிரியர் கேட்டதற்கு நாய்க்குக் கழுத்துப்பட்டை செய்வதாகச் சொல்லியிருக்கிறாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பெற்றோர் வரும் நாளில் மெர்ட்டனுக்குப் பதில் நான் போனேன். அன்று ஒவ்வொருவரும் தான் செய்த பொருளை மேஜைத் துணையிடம் கொடுக்க வேண்டும். அவள் பயன்படுத்திப் பார்க்கும்வரை செய்தவள் பேசக் கூடாது. பிளாஸ்டிக்கில் வார்த்த மாதிரிக் கத்தியைக் கோரா வேண்டாவெறுப்பாக நீட்டினாள்.

ஜோஸ்லின் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு புல்லில் மல்லாந்து படுத்தாள். காலில் கயிற்றைக் கட்டி, இரண்டு பையன்களை இழுக்கச் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். அவள் கை முதுகுக்கடியில் துழாவியது. கத்தி அவள் எடைக்குக் கீழே மாட்டிக்கொண்டு வரவேயில்லை.

"நடிக்கிறாடி!" என்று கத்தினேன். வாயை மூடச் சொன்ன விதி எனக்கில்லையே.

கோரா கத்திப் பட்டையைப் பிடுங்கித் தானே கட்டிக்கொண்டு படுத்தாள். "இழுங்கடா!"

அவளுக்கும் கை எட்டவில்லை. எழுந்தபோது அழுதுகொண்டிருந்தாள். மகள் செய்தது என்று நம்பி மெர்ட்டன் இதைக் கட்டிக்கொண்டு கடலுக்குப் போயிருப்பாரே!

"கை பின்னால எட்டாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று ஜோஸ்லினைக் கேட்டாள்.

"கூண்டுக் கயிறு இழுத்துட்டுப் போன எங்க பெரியப்பாவத் தண்ணியிலேர்ந்து எடுத்தப்ப, ரெண்டு கையும் இங்க இருந்துச்சு." ஜோஸ்லின் தன் மார்பைத் தொட்டாள். "தோள்ல மாட்டுற கால்சட்டை வாரை இறுக்கிப் பிடிச்சிருந்தாரு."

கோரா நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டாள். முகாம் முடிவதற்குள் இருவரும் அதை மார்பு வாரில் மாட்டும்படி மாற்றிவிட்டார்கள். ஊருக்கு வந்ததும் இரும்பில் இரண்டு செய்தாள்.

மெர்ட்டன் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டாவது யாருக்கு?"

"ஜோஸ்லினோட அப்பாவுக்கு. மாட்டுற இடம் அவ சொன்னதுப்பா."

"மில்னர்காரனுக்கா? நம்ம கயிற அறுக்க நீயே கத்தி குடுக்கப் போறியா?"

எனக்கும் அதே கேள்விதான். அந்த ஊரை நான் இன்றைக்கும் நம்பமாட்டேன்.

கோரா இரண்டாவது கத்தியைத் துணியில் சுற்றி எடுத்து வைத்தாள். மெர்ட்டன் தன் கத்தியைக் கோட்டுக்குள்ளே மாட்டப் போனார். அவள் அவர் கையைத் தட்டிவிட்டு வெளியே மாட்டினாள்.

"நாலு பேரு பாப்பாங்கடி. காப்பியடிச்சிடுவாங்க."

"அடிக்கட்டும்பா. அவங்களும் வீடு வந்து சேரட்டும்."