நின்ற லோரியின் கதகதப்பு

பெட்ரோல் அடியோடு தீர்ந்துபோன சமயம். யுத்தத்தில் ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்து ஒன்றரை வருஷமாகியிருந்தது. தேயிலைத் தொழிற்சாலை ஃபிட்டர் சிங்காரம், எஸ்டேட் லோரியைக் கரியில் ஓட வைத்தான். பின்தட்டின் முன்மூலையில் ஆளுயர இரும்பு டிரம். அதில் கரி கனன்று எழும் வாயுதான் இஞ்சினுக்குத் தீனி.

ஒரு வாரம் சோதித்தான். சர்க்கரைவள்ளி மூட்டைகளோடு பிரிஞ்சாங் மேட்டை ஏற்றினான். பிரேக்கைப் பார்த்தான். ஓடும் லோரியில் தொங்கிக்கொண்டு வாயு கசிகிறதா என்று குழாய் முழுக்க மோந்து பார்த்தான்.

“ஆள ஏத்தலாமா, சிங்காரம்? ஒன் வாயால சொல்லு,” என்றார் எஸ்டேட் ஆபீஸ் கணக்கைப் பார்க்கும் கிராணி சுப்பிரமணியம்.

“தாராளமா ஏத்தலாம், ஐயா.”

முதல் நடையிலேயே அவன் மனைவி அம்மாக்கண்ணுவை ஏற்ற வேண்டியதாயிற்று. பத்து நாள் காய்ச்சல். தாப்பா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தால் பிழைத்துக்கொள்வாள். மழையும் குளிருமாக இருந்ததால் படுதாவை இறக்கி இறுகக் கட்டினார்கள். ஏறியிருந்த ஐந்தாறு பேரை ஒதுக்கி, டிரம்முக்குப் பக்கத்தில் கம்பளி விரித்து அவளைப் படுக்க வைத்தான்.

“இங்க கதகதன்னு இருக்கும், புள்ள.”

“அடுப்போரமே படுக்கப் போட்டுட்டீங்க. எந்திரிச்சா சோறாக்கச் சொல்லுவீங்களோ?” என்று சிரித்தாள்.

இஞ்சினைக் கவனிக்க அவன் முன்னால் டிரைவர் வேலப்பனோடு உட்கார்ந்தான். பாதி வழியில் மண் சரிந்து கிடந்தது. இஞ்சினை நிறுத்திவிட்டு இருவரும் மண்வெட்டியோடு இறங்கினார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று.

திரும்பிவந்து படுதாவைத் தூக்கினான். ஓரத்தில் இருந்தவர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு குமட்டினார்கள். அம்மாக்கண்ணு அசையவில்லை. பத்து நாளாக வெளிறிக் கிடந்த முகம் செக்கச்செவேலென்று இருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தான்.

அடக்கம் செய்த மறுநாள், நின்ற லோரியில் டிரம்மை மூட்டி, படுதாவை இறக்கி, அவள் படுத்த இடத்தில் போய் உட்கார்ந்தான். புகை இல்லை. வாடையும் இல்லை. சற்று நேரத்தில் நெற்றி தெறித்தது, கால் துவண்டது. வேலப்பன் வெளியே இழுத்துப் போட்டான்.

“செத்துத் தொலைக்கணும்னே உள்ள போனியா?”

சிங்காரத்துக்கு இப்போதுதான் புரிந்தது. ஓடும்போது இஞ்சின் வாயுவை உறிஞ்சிக்கொள்கிறது. நின்றால் உறிஞ்ச ஆளில்லை. விஷ வாயு டிரம் மூடியின் இடுக்கில் கசிகிறது. அவள் முகத்தைச் சிவக்க வைத்ததும் அதுதான். ஓடும் லோரியைத்தான் அவன் ஏழு நாளும் சோதித்தான். நின்ற லோரியை ஒரு தடவைகூட இல்லை. ஏற்றியதும் மூட்டைகளைத்தான். மூட்டை மூச்சு விடாது.

“இனி ஆளே ஏத்த வேணாம், ஐயா,” என்றான் கிராணியிடம்.

“வேற வண்டி ஏதுப்பா? சீக்காளிய முதுகுலயா தூக்கிட்டுப் போறது?”

சிங்காரம் டிரம்மைக் கழற்றித் தட்டுக்கு வெளியே, பின்பக்கம் மாட்டினான். படுதாவின் இரு பக்கத்தையும் கிழித்து எறிந்தான். லோரி நின்றால் ஒருவரும் உள்ளே இருக்கக் கூடாது என்றான். ஒவ்வொரு நடைக்கும் தானே கூடப் போனான்.

அடுத்த மாதம், அடைமழையில் லோரி நின்றது. எல்லாரையும் இறக்கினான். கம்போங் ராஜா பக்கமிருந்து வந்த ஒரு கிழவி நடுங்கிக்கொண்டே கத்தினாள்: “படுபாவி! ஒம் பொண்டாட்டியா இருந்தா இப்படி மழையில எறக்கி விடுவியாடா?”

வேலப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சிங்காரம் அவன் கையைப் பிடித்துத் தடுத்தான். பிறகு தன் தலையில் போட்டிருந்த சாக்கை எடுத்துக் கிழவிக்குப் போர்த்திவிட்டு, பக்கத்திலேயே நனைந்தபடி நின்றான்.